தீயையும் பூனையையும் வெளியே எடுத்த நாள்

ஒரு வீட்டுக்குள் காற்று எந்தெந்த வழியாக நுழைகிறது என்று கண்டுபிடிக்க ஒரு மனிதர் கடல் தாண்டிக் கொடைக்கானலுக்கு வந்தார் என்று சொன்னால், கேட்பவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இதற்கு ஆள் எதற்கு, மார்கழியில் ஒரு ராத்திரி அங்கே படுத்தால் தெரிந்துவிடுமே என்கிறார்கள். அன்றைக்கு நானும் அப்படிச் சொல்லித்தான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அதிக நாள் நிலைக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. மிஷனுக்குச் சொந்தமான ஒரு விருந்தினர் பங்களாவில் அக்காவும் நானும் வேலை பார்த்தோம். அக்கா ஆயா. அறைகளைப் பெருக்குவது, படுக்கை விரிப்பது, வருகிறவர்களின் கைக்குழந்தைகளைத் தூக்கி வைத்துக்கொள்வது எல்லாம் அவள் பொறுப்பு. நான் ஒரு மூலையில் தையல் மெஷினோடு உட்கார்ந்து கிழிந்த விரிப்புகளையும் திரைச்சீலைகளையும் தைத்துக்கொண்டிருப்பேன். சொந்த ஊர் பள்ளங்கி. அப்பாவும் அம்மாவும் போன பிறகு பூண்டு போட்ட நிலம் சித்தப்பா கைக்குப் போனது, நாங்கள் பங்களாவின் பின்னால் இருந்த குவார்ட்டர்ஸ் அறைக்கு வந்து சேர்ந்தோம். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எனக்குச் செய்துவைத்தாள், அது நிலைக்கவில்லை. அவளுக்கு நான், எனக்கு அவள் என்று ஆகிவிட்டது.

அக்காவின் ஞாபகத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போன வருஷம் வந்த குடும்பம் இந்த வருஷம் காரை விட்டு இறங்கும்போதே, பெரிய பிள்ளைக்குப் பால் ஆகாது, சின்னதற்கு இருட்டென்றால் பயம் என்று சமையல் அறையில் சொல்லிவிடுவாள். எழுதப் படிக்கத் தெரியாது. எந்த அலமாரியில் எந்தக் கம்பளி, எந்தக் கம்பளியில் எந்த மூலையில் ஓட்டை என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். மேனேஜரே சாவியைத் தொலைத்துவிட்டு அவளைத்தான் கூப்பிடுவார். எனக்கு எட்டாம் வகுப்புப் படிப்பும் கொஞ்சம் இங்கிலீஷும் இருந்தும், அவளுடைய ஞாபகத்தில் கால்வாசி கிடையாது.

குவார்ட்டர்ஸ் என்றால் பெரிதாக எதுவும் நினைத்துவிட வேண்டாம். கல் சுவர், தகரக் கூரை, ஒரு கதவு, ஒரு ஜன்னல். சுவருக்கும் கூரைக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி. மேகம் இறங்கினால் அறைக்குள்ளேயே வந்து உட்காரும். இதற்கு எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரே வைத்தியம் பங்களாவின் கங்குதான். சாயங்காலம் விருந்தினர்கள் சாப்பிடப் போனதும், சமையல்கார அண்ணன் அறைகளின் கணப்படுப்பிலிருந்து சிவந்த கங்குகளைத் தகர டின்னில் அள்ளி வந்து, ஒவ்வொரு வீட்டுக் கும்முட்டி அடுப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவார். இது யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது. கங்கில் தண்ணீர் ஊற்ற எங்கள் யாருக்கும் கை வராது. அந்தக் குளிரில் அது சோற்றைத் தரையில் கொட்டுகிற மாதிரி. கும்முட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துவைத்துக்கொண்டு எத்தனையோ வருஷம் இருந்திருக்கிறோம், ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. சுவரில் இருந்த ஓட்டைகள்தான் எங்களைக் காப்பாற்றிவந்தன என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

அப்படி இருக்கும்போதுதான் அந்தத் துரை வந்தார். இன்ஜினியர். வாட்டில் மரத்து விறகு விலை ஏறிக்கொண்டே போகிறது என்று மிஷனில் யாரோ கவலைப்பட்டிருக்கிறார்கள். பங்களாவின் சந்துபொந்துகளை அடைத்தால் பாதி விறகு போதும் என்று இவர் சொல்லியிருக்கிறார். முதலில் எவ்வளவு காற்று ஒழுகுகிறது என்று சோதிக்க வேண்டும், பிறகு அடைக்க வேண்டும், அடைத்த பிறகு திரும்பவும் சோதிக்க வேண்டும். இதுதான் அவர் வேலை. உயரமான ஆள், நல்ல மனிதர். அதையும் சொல்லத்தான் வேண்டும். எங்களைப் பார்த்தால் "வணக்கம்", சாப்பிட்டு முடித்தால் "நன்றி" என்பார். உப்பு, தண்ணீர், போதும் என்ற சொற்களும் தெரியும். கரி என்ற சொல்லையும் சேர்த்துக் கற்றுக்கொண்டிருந்தால் அவருக்கு என்ன குறைந்திருக்கும் என்று பிறகு நான் நினைக்காத நாள் இல்லை.

பங்களாவில் கைவைப்பதற்கு முன்னால் ஒரு சின்ன அறையில் பழகிப் பார்க்க வேண்டும் என்றார். மேனேஜர் எங்கள் அறையைக் காட்டினார். எங்களிடம் யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்போம். கூரை இடைவெளியில் சாக்கைச் சுருட்டித் திணித்தார்கள். ஜன்னல் சட்டத்தைச் சுற்றிப் பழைய பேப்பரை மைதாப் பசை போட்டு ஒட்டினார்கள். கதவுக்கு அடியில் கம்பளிப் பட்டை வைத்து ஆணி அடித்தார்கள். வேலை முடிந்ததும் துரை சுவரெல்லாம் கையை வைத்துப் பார்த்துவிட்டு, மேனேஜரிடம் இங்கிலீஷில் நீளமாக என்னவோ சொன்னார். எங்கள் கும்முட்டியைக் கூடக் கையால் காட்டினார். நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டு தள்ளி நின்றேன், பேச்சு காதில் விழவில்லை. மேனேஜர் தலையை ஆட்டிவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"ரூமை க்ளீனா வச்சுக்கணுமாம். புரியுதா?" என்றார்.

அன்று ராத்திரி அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஏடி, குளுரே தெரியலடி! இனிமே வெள்ளனே எந்திரிக்க மனசே வராது போலருக்கு" என்று கம்பளியை உதறி ஓரமாகப் போட்டாள். அவள் கம்பளி இல்லாமல் படுத்ததை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அடுத்த சில நாட்கள் காலையில் எழுந்தால் இரண்டு பேருக்கும் தலை கனத்தது. பனி ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டோம். அக்காவுக்கு ஜலதோஷமும் காய்ச்சலும் சேர்ந்துகொண்டன.

பங்களாவைச் சோதிக்கிற நாள் வந்தது. முன்கதவைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஒட்டுப்பலகையை அடித்து, நடுவில் ஒரு பெரிய காற்றாடியைப் பொருத்தியிருந்தார்கள். அது ஓடினால் உள்ளே இருக்கும் காற்றை வெளியே இழுத்துத் தள்ளும். உள்ளே காற்று குறையக் குறைய, எங்கே சந்து இருக்கிறதோ அங்கே வெளிக்காற்று பீறிட்டு வரும். ஊதுபத்தியைக் காட்டினால் புகை வளைந்து இடத்தைக் காட்டிக்கொடுக்கும். கேட்க வேடிக்கையாக இருந்தது.

ஆனால் அதற்கு முன்னால் துரை எங்களை வரிசையாக நிற்கவைத்து ஜாக்கிரதைகளைச் சொன்னார். எல்லாவற்றையும் இழுக்கிற காற்றாடி புகைபோக்கியை மட்டும் விட்டுவிடுமா? அதன் வழியாகவும் காற்று கீழே இறங்கும். கணப்படுப்பில் துளித் தீ இருந்தாலும் பொறியும் சாம்பலும் அறைக்குள் பறக்கும், மேலே போக வேண்டிய விஷக்காற்று வீட்டுக்குள் திரும்பும். அதனால் தீ என்று ஒன்றும் இருக்கக் கூடாது. வெந்நீர் பாய்லர், சமையல் அடுப்பு, மண்ணெண்ணெய் ஸ்டவ் எதுவும் கூடாது. அடுப்பு வாய்களை ஈரச் சாக்கால் மூட வேண்டும். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். காற்றாடி நிற்கும்வரை ஒரு கதவையும் திறக்கக் கூடாது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நான் பிடித்துக்கொண்டது இவ்வளவு. அவர் கையைக் காலை ஆட்டி அவ்வளவு நேரம் சொன்னதை மேனேஜர் தமிழில் ஒரே மூச்சில் முடித்தார்.

"பங்களாவுக்குள்ள தீ இருக்கக் கூடாது. அம்புட்டையும் வெளிய எடுங்க. வெரசா!"

சமையல்கார அண்ணன் எடுத்தார். எல்லா அறைக் கணப்பிலும் காலையில் போட்ட தீ அப்போதுதான் நன்றாகப் பழுத்திருந்தது. டின் டின்னாகக் கங்கு போனது. திரும்பி வந்தவர் என்னிடம் குனிந்து, "கங்கு அம்புட்டும் வீணாப் போகவா? ஒங்க அக்காளுக்குக் கும்முட்டி நெறையா வச்சிருக்கேன். காச்சக்காரி, கதகதன்னு கெடக்கட்டும்" என்றார். எனக்கு அவர்மேல் பாசம் பொங்கியது. நல்ல மனது என்று நினைத்தேன். அது நல்ல மனதுதான், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

பிறகு பூனை. மேனேஜர் சம்சாரம் ஒரு வெள்ளைப் பூனை வளர்த்தார். குழந்தை இல்லாத வீடு, அந்த அம்மாவுக்கு அதுதான் குழந்தை. காற்றாடிப் பக்கம் பிராணிகள் வரக் கூடாது என்று துரை சொன்னதும், பதறிப்போய் அதை அள்ளி அணைத்துக்கொண்டார். வெளியே விட்டால் குளிரும், நாய் துரத்தும். எங்கே வைப்பது?

"ஆயா சும்மாத்தான படுத்திருக்கா. அவகிட்ட விட்டுட்டு வா. அங்க தீயும் இருக்கு. கதவு நல்லா சாத்தியிருக்கணும், ஓடிறப் போவுது. பத்திரமாப் பாத்துக்கச் சொல்லு" என்று சமையல்கார அண்ணனிடம் கொடுத்தனுப்பினார்.

காற்றாடி ஓட ஆரம்பித்தது. என் கையில் ஊதுபத்தியைக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய பங்களாவில் அன்றைக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே நெருப்பு அதுதான். ஜன்னல் ஜன்னலாக நான் அதைக் காட்டிக்கொண்டே போக, புகை திடீரென்று வளையும், துரை சாக்குக்கட்டியால் அங்கே ஒரு கோடு போடுவார். வேலை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. இத்தனை வருஷம் அக்கா தூசி தட்டித் துடைத்த சுவரில் எத்தனை வழிகள்! சுவர் முழுக்க வெள்ளைக் கோடுகள் ஆயின. மேனேஜர் அறை அறையாகப் போய் ஈரச் சாக்கைத் தூக்கிப் பார்த்து, எங்காவது ஒரு பொறி மிச்சம் இருக்கிறதா என்று தேடினார். அவரை அவ்வளவு பொறுப்பாக நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

மத்தியானம் ஆனது. அக்காவுக்குக் கஞ்சி கொண்டுபோக வேண்டும், அவள் காலையிலும் ஒன்றும் சாப்பிடவில்லை. சமையல் அறைக் கதவை ஒரு நிமிஷம் திறந்து போய்விட்டு வருகிறேன் என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"கதவைத் தொறந்தா தொரை எடுத்த அளவெல்லாம் போச்சு. கொஞ்ச நேரத்துல ஒங்க அக்கா என்ன செத்தா போயிருவா? இரும்மா" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லோரும் சொல்கிற மாதிரித்தான் சொன்னார். நான் அடுத்த ஜன்னலுக்குப் போனேன்.

ஒருவழியாகக் காற்றாடி நின்றது. துரை எல்லா ஜன்னல்களையும் திறக்கச் சொன்னார். ஒரு கணப்பில் மட்டும் பேப்பரைக் கொளுத்தி, புகை மேலே ஒழுங்காகப் போகிறதா என்று மண்டி போட்டுப் பார்த்தார். அவர் சரி என்று சொல்லும்வரை யாரும் அடுப்பு மூட்டக் கூடாது என்றார். ஒரு கட்டடத்தை இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்ட மனிதரை நான் கண்டதில்லை. நான் கஞ்சிச் சட்டியை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக ஓடினேன்.

கம்பளிப் பட்டை இறுகிக் கதவு திறக்க மறுத்தது. தோளால் தள்ளினேன். உள்ளேயிருந்து சூடு முகத்தில் அடித்தது. புகை இல்லை, வாடை இல்லை. கும்முட்டி நிறையக் கங்கு அமைதியாகச் சிவந்திருந்தது. அக்கா கட்டிலில் படுத்திருந்தாள், முகம் நல்ல சிவப்பாக, காய்ச்சல் விட்டுத் தெளிந்தவள்போல இருந்தது. வயிற்றின்மேல் பூனை சுருண்டு கிடந்தது. அசந்து தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். "அக்கா, கஞ்சி" என்றேன். தோளைத் தொட்டதும் தலை ஒருபக்கம் சாய்ந்தது, வாயோரத்தில் வாந்தி.

நான் போட்ட கூச்சலில் சமையல்கார அண்ணன் ஓடி வந்து அவளைப் புல்தரைக்கு இழுத்துப் போட்டார். துரையும் வந்தார். வாசலில் நின்று ஒரே பார்வை பார்த்தார், அவருக்குப் புரிந்துவிட்டது. கும்முட்டியைக் காலாலேயே வெளியே தள்ளினார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி இங்கிலீஷில் கத்தினார். அந்த வார்த்தைகள் எனக்கு நன்றாகவே புரிந்தன. இந்த அறையை அடைத்த அன்றைக்கே, இனி இதற்குள் கரி நெருப்பு கூடாது, இவர்களிடம் சொல்லுங்கள் என்று உங்களிடம் சொன்னேனே என்றார். மேனேஜர் ரோஜாப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில்தான் மேனேஜர் சம்சாரம் வந்து, அறைக்குள் போய், பூனையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். அது விறைத்துவிட்டது. அவர் அழுத அழுகை பக்கத்துப் பங்களாவரை கேட்டிருக்கும். புல்லில் கிடந்த அக்காவுக்கு அப்போது லேசாக மூச்சு வந்தது, கண் பாதி திறந்தது. அந்த அம்மா அவள்மேல் குனிந்தார். தண்ணீர் கொடுக்கத்தான் குனிகிறார் என்று நினைத்தேன்.

"பூனையப் பாத்துக்கத்தானடி ஒன்னையச் சொன்னேன்! இப்பிடிப் போட்டுக் கொன்னுட்டியே!" என்றார்.

அக்கா கண் திறந்ததும் உலகத்தில் கேட்ட முதல் வார்த்தை அது.

ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டாள். டாக்டர், அதிர்ஷ்டம் என்றார். பூனையை ரோஜாப் பாத்திக்குப் பக்கத்தில் புதைத்து, தச்சனிடம் சொல்லி ஒரு சின்னச் சிலுவை செய்து நட்டார்கள். சமையல்கார அண்ணனை மேனேஜர் அழைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். "வெளிய எடுன்னாரு, எடுத்தேன். நம்ம வீட்டுலயும் மனுசந்தான இருக்கு, அங்க என்ன செய்யணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தலையக் குடுத்தாவது பாத்திருப்பேன்ல" என்று அவர் என்னிடம் வந்து அழுதார். துரை பங்களா வேலையை முடித்துவிட்டுக் கிளம்பினார். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னார், கண் கலங்கியிருந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன். பங்களா கதகதப்பாகிவிட்டது, விறகு மிச்சம் என்று எல்லோருக்கும் திருப்தி.

குவார்ட்டர்ஸ் சுவரில் ஒரு தகரப் பலகை மாட்டினார்கள். பங்களாவிலிருந்து கங்கு எடுத்துச் செல்லக் கூடாது என்று தமிழில் எழுதியிருந்தது. ஏன் என்று எழுதவில்லை. அதைப் படிக்கிற எவருக்கும் நாங்கள் கங்கு திருடியவர்கள் என்றுதான் தோன்றும். நான் போய்க் கூரைச் சாக்கையெல்லாம் பிடுங்கி எறிந்தேன், ஜன்னல் பேப்பரைக் கத்தியால் சுரண்டினேன். பழைய காற்று திரும்பி வந்தது. இந்தத் தடவை கும்முட்டி இல்லாமல்.

முதல் இரண்டு வாரம் அக்கா நன்றாகத்தான் இருந்தாள். பிறகுதான் ஒவ்வொன்றாக நழுவ ஆரம்பித்தது. படுக்கை விரித்த அறைக்கே திரும்பப் போய் விரித்தாள். பால் ஆகாத பிள்ளைக்குப் பாலைக் கொடுத்தாள். பொத்தான் போடக் கை தடுமாறியது. கரியின் விஷக்காற்று மூளையைத் தொட்டுவிட்டால் இப்படிப் பின்னால் வருவதுண்டு என்றார் டாக்டர். மேனேஜர் சம்சாரம், "பாவம், வீட்லயே ரெஸ்ட் எடுக்கட்டும்" என்று வேலையை விட்டு நிறுத்தினார். நான் அதே பங்களாவில், கோடு போட்டுக் காட்டிய அதே ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தேன். வேறு எங்கே போவது? கோபத்தை வைத்துக்கொண்டு இரண்டு வயிறு நிரம்பாது.

அம்மாவின் முகம் அக்காவுக்கு மறந்துபோனது. பள்ளங்கிக்குப் போகும் வழி மறந்தது. சில நாள் என்னையே, "ஒங்க வீட்டுல ஆரும் தேட மாட்டாகளா?" என்று கேட்பாள். மறக்காதது ஒன்றே ஒன்று. வெள்ளையாக எதைப் பார்த்தாலும், காயப்போட்ட துணியானாலும், "பூனையப் பாத்துக்கச் சொன்னாக. நான் தூங்கிட்டேன்" என்பாள். நீ தூங்கவில்லை, உன்னைத் தூங்கவைத்துவிட்டார்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். தலையை ஆட்டுவாள், மறுபடியும் ஆரம்பிப்பாள்.

எண்பதுகளின் கடைசியில் மேனேஜருக்கு மாற்றல் வந்தது. அவர்கள் கிளம்புவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சந்தைக்கு அக்காவைக் கைபிடித்துக் கூட்டிப்போயிருந்தேன். கேரட் கூடைகளுக்கு நடுவில் மேனேஜர் சம்சாரம் எதிரில் வந்தார். அக்காவுக்கு அவர் யாரென்று தெரிந்ததோ, வெள்ளைச் சேலையைப் பார்த்தாளோ, என் கையை உதறிவிட்டு முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, பூனை செத்துப்போச்சும்மா. நான் தூங்கிட்டேன். மன்னிச்சிருங்கம்மா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவின் கன்னத்தைத் தொட்டார். "அதெல்லாம் நான் எப்பவோ மன்னிச்சிட்டேன்டி. கர்த்தர்கிட்டயும் சொல்லிட்டேன்" என்றார். மனதாரச் சொன்னார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. யார் யாரை மன்னிப்பது என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பக்கத்தில் அக்கா நின்றாள், அவள் முகத்தில் அத்தனை வருஷத்துக்குப் பிறகு ஒரு தெளிவு வந்திருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனது வரவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வீடு வரும்வரை அக்கா சிரித்துக்கொண்டே வந்தாள். "மன்னிச்சிட்டாகளாம்ல, கேட்டியா? நீதான் பயந்துக்கிட்டே இருந்த" என்று என்னையே கேலி செய்தாள். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள். போகட்டும், அநியாயமாக வந்த மன்னிப்பாக இருந்தாலும் அவளுக்கு உதவினால் சரி என்று நானும் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் நான் காப்பி கலக்கிக்கொண்டிருந்தபோது, அக்கா தலையைச் சீவி, நல்ல சேலையை அரைகுறையாகச் சுற்றிக்கொண்டு வாசலில் தயாராக நின்றாள்.

"வாடி, அந்த அம்மாவப் பாத்துட்டு வந்துருவம். பூனையப் பாத்துக்கச் சொன்னாக, நான் தூங்கிட்டேன். ஒரு மன்னிப்புக் கேக்கணும்" என்றாள்.